கூட்டி எழுதிய இரண்டு வயது

பலெர்மோ,
22.9.1996

அன்புள்ள சாந்தனின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் விசயம். இங்கே சட்டப்படி இருக்கப் பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டது! நாலு வருடம் ஒளித்துத் திரிந்தவளை வெள்ளிக்கிழமை குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, படம் ஒட்டிய கடதாசியைக் கையில் தந்தார்கள். இனிப் பொலிசைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறத் தேவையில்லை. இன்றைக்கு விடிய வெறுங்காலோடு சாந்தா ரொசலியா கோயில் மலை ஏறி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். எங்கள் சைவச் சனமும் பாதிக்கு மேல் அங்கேதான் நிற்குது. காலெல்லாம் கொப்புளம். ஆனால் சந்தோசப் புளுகத்தில் நோவு தெரியவில்லை.

இனிக் கேளுங்கோ. இந்தக் கடதாசி இருந்தால் புருசனையும் பிள்ளையையும் சட்டப்படி கூப்பிடலாம். அதற்கு என் பெயரில் பதிந்த வாடகை வீடு வேண்டும், நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் வேலைக் கடதாசி வேண்டும், எங்கள் கலியாணப் பத்திரமும் சாந்தனின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு முடியக்கூடாது. அவனுக்குப் போன கிழமைதானே பதினைந்து முடிந்தது. மூன்று வருடம் கிடக்கு. அவசரமில்லாமல், கடன்படாமல் செய்யலாம்.

நீங்கள் மாலைதீவில் கணக்குப் படிப்பிக்கிறீர்கள். நான் இத்தாலியின் இந்தத் தீவில் தரை துடைக்கிறேன். பிள்ளை கொழும்பில், கொட்டாஞ்சேனையில் உங்கள் அக்கா யோசப்பினோடு. ஒரு குடும்பத்துக்கு மூன்று தீவும் மூன்று அடுப்பும். எந்தச் சம்பளம் இதைத் தாங்கும்? ஒரே அடுப்பாக்கிப்போட்டால் காசு தன்பாட்டில் மிஞ்சும்.

பத்திரங்களை அனுப்புங்கோ. போன் எடுக்க வேண்டாம், உங்கள் தீவிலிருந்து ஒரு நிமிடத்துக்கு என்ன அறவிடுகிறான் என்று எனக்குத் தெரியும்.

சறோஜா


மாலைதீவு,
24.10.1996

அன்பின் சறோ,

உமது கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கும்போது பக்கத்து அறை ஆசிரியர், "என்ன மாஸ்டர், லொத்தர் விழுந்ததோ?" என்று கேட்டார். விழுந்ததுதான் என்றேன்.

இங்கே எல்லாம் வழமை போல. தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர இருபத்தைந்து நிமிடம். பத்திரிகைகளில் படம் போடுகிறார்களே, நீலக் கடலும் வெள்ளை மணலும், அது உண்மைதான். அந்த மணலில் ஒரு வெங்காயம் முளைக்காது. எல்லாம் படகில் வரவேண்டும். போன கிழமை கடல் கொந்தளித்துப் படகு வரவில்லை. ஒரு முட்டைக்கோசு முப்பது ரூபியாவுக்கு ஏறியது. நான் வாங்கவில்லை, பார்த்துவிட்டு வந்தேன். மீனும் தேங்காயும் மலிவு. ஆகவே காலையில் மீன், மதியம் மீன், இரவில் அதே மீனின் தலை.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் இருக்கிறது என்று ஆறுதலாக இருக்க வேண்டாம். சட்டம் இன்று ஒன்று, நாளை ஒன்று. கெதியாக, முடிந்தால் வருகிற செப்டெம்பருக்குள் அலுவலை முடித்துவிடும். கலியாணப் பத்திரம் இத்துடன் உள்ளது. சாந்தனின் பத்திரத்தைப் பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பீலிக்ஸ்


பலெர்மோ,
8.12.1996

சாந்தனின் அப்பாவுக்கு,

"கெதியாக, கெதியாக" என்று எழுத உங்களுக்கு மை மட்டும்தான் செலவு. இங்கே வீடு என்ன விலை தெரியுமோ? கபோவில் சந்தைக்கு மேலே ஒரு அறையில் நாங்கள் ஐந்து பெண்கள் இருக்கிறோம். என் கட்டிலும் மாக்கிரட்டின் கட்டிலும் ஒரே கட்டில்தான், அவள் இரவு ஒரு கிழவியைப் பார்க்கப் போய்விடுவாள், பகலில் வந்து படுப்பாள். அப்படி இருந்துதான் மிச்சம் பிடிக்கிறேன். சரியான வீடு என்றால் மாதம் நாலு இலட்சம் லீரா, அதுவும் மூன்று மாதம் முன்பணம். எனக்குச் சம்பளமே ஒன்பது இலட்சம். உங்கள் அக்காவுக்கும் பிள்ளைக்கும் அனுப்பினால் பாதி போச்சு. பிரான்காச்சோவில் மலிவு என்று போய்ப் பார்த்தேன். பெல் அடித்தவுடன் யன்னலால் எட்டிப் பார்த்து, என் நிறத்தைக் கண்டு, வீடு போய்விட்டது என்றாள் ஒருத்தி. வாடகைக்கு என்ற பலகை அப்படியே தொங்குது!

நீங்கள் டொலரில் சம்பளம் எடுக்கிற வாத்தியார். முன்பணத்தில் பாதியை அனுப்ப ஏலாதோ? வெளிநாட்டு ஆசிரியருக்கு வீடு சும்மா, சாப்பாடு மலிவு என்று சொல்லித்தானே போனீர்கள்?

பிறப்புப் பத்திரம் வரவில்லை. பஞ்சியை விட்டுவிட்டு அனுப்புங்கோ.

சறோஜா


மாலைதீவு,
19.1.1997

அன்பின் சறோ,

நீர் கேட்டது நியாயம். ஆகவே பதிலையும் நியாயமாக எழுதுகிறேன்.

சம்பளம் டொலரில் இல்லை, ரூபியாவில். வங்கி ஒரு பகுதியைத்தான் டொலராக மாற்றித் தரும். மீதியைக் கடைக்காரனிடம் அவன் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். வீடு சும்மா என்றார்கள், உண்மை. ஓர் அறைக்கு மூன்று ஆசிரியர்கள். ஆனால் மின்சாரத்துக்கு வெட்டு, மழைத்தண்ணீர்த் தாங்கிக்கு வெட்டு. மார்கழியிலிருந்து மழையில்லை, குடிக்கிற தண்ணீர் போத்தலில். காசு அனுப்ப வேண்டுமானால் மாலேக்குப் படகில் ஒரு இரவும் ஒரு பகலும் போகவேண்டும். காசு அனுப்பவே காசு. போன வருடம் காய்ச்சலோடு மருத்துவரிடம் போனேன், அந்த மாதம் சாந்தனுக்குச் சப்பாத்து இல்லை. இடையில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஒப்பந்தப்படி விமானச் சீட்டுக் காசை நான் கட்டவேண்டும். இங்கே வருவது சுலபம், இருப்பது செலவு, போவது அதைவிடச் செலவு.

இத்துடன் இருநூறு டொலர் அனுப்ப ஒழுங்கு செய்துள்ளேன். இதுதான் என் சேமிப்பு முழுவதும்.

செப்டெம்பர், சறோ. தயவு செய்து செப்டெம்பருக்கு முன்.

பீலிக்ஸ்


பலெர்மோ,
30.3.1997

சாந்தனின் அப்பாவுக்கு,

காசு கிடைத்தது. கோபத்தில் எழுதியதுக்கு மன்னியுங்கோ என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் பத்திரம் இன்னும் வரவில்லை. எத்தனை கடிதம்! அக்காவுக்கு எழுதினால், "தம்பி சொல்லாமல் நான் அனுப்பமாட்டன்" என்று எழுதுகிறா. ஒரு பிறப்புப் பத்திரத்துக்கு இவ்வளவு கண்டறியாத பூட்டோ?

மாக்கிரட் சொல்கிறாள், "மச்சாள், அவருக்கு வர விருப்பமில்லை. வாத்தியார் வந்து மற்றவையின்ரை கக்கூஸ் கழுவுவாரோ?" என்று. நான் அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன், அதுதான் உண்மையோ? உண்மையென்றால் நேரே சொல்லுங்கோ. நான் அழுவேன், பிறகு எழும்பி வேலைக்குப் போவேன். பிள்ளையை மட்டும் கூப்பிடுவேன்.

போன வியாழக்கிழமை நீங்கள் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போன் எடுத்தீர்கள். "சறோ, சாந்தன்ரை வயசு..." என்று தொடங்கினீர்கள். நான்தான், "வயசெல்லாம் எனக்குத் தெரியும், காசு ஓடுது, கடிதத்திலை எழுதுங்கோ" என்று வைத்துவிட்டேன். என்ன சொல்ல வந்தீர்கள்? எழுதுங்கோ.

எனக்கு 1999 வரைக்கும் நேரமிருக்கு. வீடு கிடைக்கும்போது செய்வேன். என்னை விரட்ட வேண்டாம்.

சறோஜா


மாலைதீவு,
11.5.1997

சறோ,

கக்கூஸ் கழுவ எனக்கு வெட்கமில்லை. இங்கே மூன்று பேருக்கு ஒன்று, முறை வைத்து நானும் கழுவுகிறேன். வர விருப்பமில்லை என்று இனி நினைக்கவும் வேண்டாம்.

பத்திரத்தை அனுப்புவேன். அதோடு ஒன்று எழுதவேண்டும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். கொஞ்சம் பொறும்.

பீலிக்ஸ்


பலெர்மோ,
20.7.1997

அன்புள்ள சாந்தனின் அப்பாவுக்கு,

வீடு கிடைத்துவிட்டது! கபோவிலேயே, சந்தையில் ஒலிவ் காய் விற்கிற சிஞ்ஞோர் நீனோவின் வீடு. மனுசி செத்தபிறகு மேல்மாடி சும்மா கிடந்ததாம். இரண்டு அறை, ஒரு குசினி. சுவரிலே ஈரம், படியிலே லைட் இல்லை. அதனாலென்ன, மூன்று இலட்சத்துக்குத் தந்தார். முன்பணத்தையும் பகுதி பகுதியாகக் கட்டச் சொன்னார். என் பெயரில் பதிந்தும் தருவார்.

இந்த மாதக் கடைசியில் சிஞ்ஞோரா குடும்பம் பகேரியாவில் இருக்கிற பழைய வீட்டுக்குக் கோடை கழிக்கப் போகுது. நானும் போய் அங்கேயே தங்கவேண்டும். செப்டெம்பர் 7ம் திகதிதான் திரும்புவோம். ஓகஸ்டில் எந்தக் கந்தோரிலும் ஆளில்லை, ஊரே கடற்கரையில். வந்தவுடன் வீட்டைப் பதிந்து, விண்ணப்பம் போடுவேன். உங்களுக்கும் திருப்தி, நீங்கள் சொன்ன செப்டெம்பர்!

சாந்தன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான்? பதினொரு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. கட்டில் வாங்க அளவு வேண்டும். இவ்வளவு நாளும் உங்களைத் திட்டியதெல்லாம் இந்தக் கடிதத்தோடு கழிந்தது என்று வையுங்கோ.

உங்கள்
சறோ


மாலைதீவு,
21.7.1997

சறோ,

இதை இருந்து வாசியும்.

1995 கார்த்திகையில் சாந்தனைக் கொட்டாஞ்சேனையில் பொலிசார் பிடித்தார்கள். பாண் வாங்கப் போனவன். பதினாலு வயது, ஆனால் என்னைவிட உயரம், மீசையும் அரும்பிவிட்டது. அடையாள அட்டை இல்லை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாறு வராத பிள்ளைக்கு அட்டை ஏது என்று அக்கா கத்தினா. "இவனுக்குப் பதினாலோ?" என்று சிரித்தார்களாம். இரண்டு இரவு உள்ளே இருந்தான். மூன்றாம் நாள் நான் போய்க் கூட்டி வந்தேன். அவன் குளிக்கும்போது முதுகைப் பார்த்தேன். உமக்குச் சொல்லவேண்டாம் என்று அவன்தான் கேட்டான். "அம்மா அங்கை தனிய, பாவம்" என்றான்.

நான் மாலைதீவுக்குப் போவதற்கு ஆறு கிழமை இருந்தது. அவனை அட்டை இல்லாமல் விட்டுப் போக என்னால் முடியவில்லை. இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்து, தரகர் ஒருவருக்குக் காசு கொடுத்து, புதுப் பத்திரம் எடுத்தேன். அதில் இரண்டு வயதைக் கூட்டி எழுதுவித்தேன். 14.9.1979. பத்திரத்தில் பதினாறு முடிந்தது, அட்டை கிடைத்தது. அதற்குப் பிறகு எட்டுத் தடவை மறித்திருக்கிறார்கள், எட்டுத் தடவையும் விட்டார்கள். கடவுச்சீட்டும் அந்தத் திகதியில்தான்.

பதினெட்டுக்குள் என்ற உமது கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. பத்திரத்தின்படி இந்தச் செப்டெம்பர் 14 உடன் அவனுக்குப் பதினெட்டு. கணக்கு வாத்தியார் நான் கூட்டிய ஒரே பிழைக் கணக்கு. உமக்குத் தெரியாமல் செய்ததும், அவனை அடித்ததை மறைத்ததும், இரண்டும் சேர்ந்து என் கையைக் கட்டிப்போட்டன. வெட்கம், சறோ, வேறொன்றுமில்லை.

திகதியைத் திருத்தலாமா என்று விசாரித்தேன். திருத்தப் போனால் அட்டை பொய் என்றாகும். பொய் அட்டையோடு ஒரு தமிழ்ப் பெடியன் கொழும்பில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஞானஸ்நானப் பதிவும் இல்லை, எங்கள் பங்குக் கோயிலின் புத்தகங்கள் எங்கே போயின என்று பங்குச் சுவாமியாருக்கே தெரியாது.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. எப்படியாவது திகதிக்கு முன் கொடுத்துவிடும்.

பீலிக்ஸ்


பலெர்மோ,
25.9.1997

உங்கள் கடிதம் ஓகஸ்ட் 5ம் திகதி வந்திருக்கு. மாக்கிரட் அதைத் தொலைந்துபோகும் என்று பயந்து, அலுமாரிக்குள் செபமாலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். நான் பகேரியாவில். ரயிலில் அரை மணி நேரம்! ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்து வந்திருந்தால் கையில் கிடைத்திருக்கும். ஆனால் சிஞ்ஞோரா, விருந்தாட்கள் வருகினம், ஞாயிறும் நின்றால் அறுபதாயிரம் லீரா கூடத் தருவேன் என்றா. பிள்ளைக்குக் கட்டில் வாங்கலாம் என்று ஆறு ஞாயிறை விற்றேன்.

ஏழாம் திகதி பின்னேரம் வாசித்தேன். எட்டாம் திகதி குவெஸ்தூராவில் விடிய ஐந்து மணிக்கு வரிசை. வீடு பதிந்த கடதாசி கொண்டுவா என்றார்கள். ஒன்பதாம் திகதி சிஞ்ஞோர் நீனோ கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து பதிந்து தந்தார். பத்தாம் திகதி வேலைக் கடதாசி. பதினோராம் திகதி என் இலக்கம் வரமுதல் பூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை யன்னலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை, 23ம் திகதி வா என்று துண்டு எழுதித் தந்தாள் ஒரு பெண். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இருபத்து மூன்றாம் திகதி போனேன். அவள் விரல் மடித்து எண்ணினாள். பதினெட்டு வருடமும் ஒன்பது நாளும். அப்போது எனக்கு விசர் பிடித்தது. அவனுக்குப் பதினாறு, நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதோ என்று கத்தினேன். அவள் பேனையை வைத்துவிட்டுத் தாழ்வாகச் சொன்னாள்: "பதினாறு என்றால் இந்தக் கடதாசி பொய், சிஞ்ஞோரா. இது பொய் என்றால் உங்களுடைய மற்றக் கடதாசிகளையும் நாங்கள் பார்க்கவேண்டி வரும்." நல்ல பிள்ளை அவள், எனக்கு உதவித்தான் சொன்னாள். பெற்ற நானே என் வாயால், "ஓம், பதினெட்டுத்தான்" என்று சொன்னேன்.

சாந்தன் பெயரைக் கோடு போட்டு வெட்டினாள். விண்ணப்பத்தில் உங்கள் பெயர் மட்டும் போயிருக்கு.

அவனை அடித்தார்கள் என்று எனக்குச் சொல்லாமல் விட்டீர்களே. இரண்டு வருடம்! அந்த இரண்டு வருடமும் நான் அவனுக்குக் கடிதத்தில், வடிவாய்ப் படி, வெயிலில் திரியாதே என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஒக்டோபரில் உண்மையை எழுதியிருந்தால் நான் கடன்பட்டாவது வீடு எடுத்திருப்பேன். வெட்கமாம். உங்கள் வெட்கத்தைக் கொண்டுபோய் அந்தக் கடலில் போடுங்கோ.

வயதைக் கூட்டியதுக்கு நான் கோபிக்கவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். இனிக் கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.


மாலைதீவு,
2.11.1997

சறோ,

எழுதவேண்டாம் என்றீர். ஆனாலும் இதை எழுதியே ஆகவேண்டும்.

அக்காவிடமிருந்து கடிதம். சாந்தன் ஒரு ஏஜென்சிக்காரனோடு கதைத்திருக்கிறான். படகு வழியாக இத்தாலிக்கு வரப்போகிறானாம். "கடதாசியிலை நான் பெரிய ஆள்தானே, மாமி, நானே போறன்" என்று சொன்னானாம். அக்காவுக்குச் சீனி வருத்தமும் கூடி, கால் வீங்கி, படி இறங்க ஏலாது. அவனைத் தடுக்க அவவால் முடியாது.

என் ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. நான் யோசித்தது இது: எனக்கு விசா வந்தால் நேரே உம்மிடம் வருகிறேன். என்ன வேலையென்றாலும் செய்வேன். இரண்டு பேரும் உழைத்தால் ஒரு வருடத்தில், கடல் வழியல்லாமல், நல்ல வழியால் அவனைக் கூப்பிடக் காசு சேரும். அதுவரை பொறுத்திரு என்று அவனுக்கு எழுதுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது உம்மைப் பார்த்து. உமது முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும். வரலாமா?

பீலிக்ஸ்


பலெர்மோ,
7.12.1997

அன்புள்ள சாந்தனின் அப்பாவுக்கு,

உங்கள் அனுமதி வந்துவிட்டது. வியாழக்கிழமை கையில் தந்தார்கள். மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

படகுக் கதையை அவன் வாயில் எடுக்கக்கூடாது. போன நத்தாருக்கு இந்தக் கடலில் படகு மூழ்கிக் காணாமல்போன பெடியளின் தாய்மார் சிலர் இன்னும் எங்கள் பூசைக்கு வந்து, புதிதாக வருகிற சனத்திடம் படத்தைக் காட்டி விசாரிக்கினம். கரையிலிருந்து பார்த்தால் கடல் அவ்வளவு அமைதி. ஏஜென்சிக்கு நான் ஒரு லீரா தரமாட்டேன்.

ஒரு வருடம் பொறுத்திரு என்று கடிதம் எழுதினால் அவன் பொறுப்பானோ? நாங்கள் அவனுக்குக் கடிதம் எழுதித்தானே இவ்வளவும் நடந்தது. கடதாசியில் பதினெட்டு என்றால் இனி மறிக்கிறவன் அவனைப் பெரிய ஆளாகத்தான் பிடிப்பான், பெரிய ஆளுக்குப் போடுகிற அடிதான் போடுவான். இரவில் கதவைத் தட்டினால் படி இறங்க ஏலாத மாமியோ போய்க் கதைக்கிறது? நீங்கள் அங்கே போங்கோ. கொட்டாஞ்சேனையில் ஒரு டியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பியுங்கோ. அவனை உங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்திருங்கோ.

நீனோவின் வீட்டை விட்டுவிட்டேன். அருளையா என்று ஒருவர், மனுசியும் இரண்டு பெட்டையளுமாக நேற்று வந்து இருக்கினம். கட்டிலையும் அவைக்கே கொடுத்தேன். நான் திரும்பவும் மாக்கிரட்டோடு. வாடகை மிச்சம், அதை அங்கே அனுப்புவேன். மாலைதீவு விலைவாசி போதும், இனிக் கொட்டாஞ்சேனை விலைவாசியை எழுதுங்கோ. அரிசி என்ன விலை, அக்காவின் மருந்து என்ன விலை, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும்.

இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குப் பெருநாள், கந்தோர் பூட்டு. செவ்வாய்க்கிழமை போய் உங்கள் கடதாசியைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். புருசன் வரவில்லையோ என்று அந்தப் பெண் கேட்பாள். இல்லை என்று சொல்வேன்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கோபமெல்லாம் போய்விட்டது. அவனுக்குப் பதினாறு வயது. உலகத்திலே எல்லாக் கடதாசியும் பதினெட்டு என்று சொல்லும்போது, அவனுக்குப் பதினாறு என்று தெரிந்த ஒரு ஆள் அவனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். நானும் நீங்களும்தான் அந்த ஆட்கள். நான் நின்று உழைக்கவேண்டும். ஆகவே நீங்கள்தான் போகவேண்டும்.

எனக்கு நீங்கள் வேண்டாம் என்றில்லை.

சறோ